கட்டுச்சோறும் அம்மிக்கல்லும்

பணகுடி,
ஞாயிறு காலை.

அன்புள்ள செல்விக்கு, அப்பா எழுதுவது.

பேட்டரி விமானக் கம்பெனியா, ஹைட்ரஜன் விமானக் கம்பெனியா, எந்த வேலைக்குப் போகலாம் என்று கேட்டாய். போனில் பேச்சு பாதியிலேயே அறுந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பேட்டரி இன்றைக்கே பறக்கிறது. பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலெக்ட்ரோ என்ற சின்ன பேட்டரி விமானம் 2020இல் ஐரோப்பாவில் சான்றிதழ் வாங்கிவிட்டது. இரண்டு பேர் உட்காரலாம், சுமார் 50 நிமிடம் பறக்கும். பைலட் பயிற்சிக்கு அது தாராளம். ஆனால் ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறக்குறைய 12 யூனிட் சக்தி இருக்கிறது, பேட்டரியில் கால் யூனிட்தான். திருச்செந்தூருக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவோமே, சாப்பிடச் சாப்பிடக் கூடை கனம் குறையும். பேட்டரி அப்படியில்லை, அம்மிக்கல். ஏறும்போது என்ன எடையோ இறங்கும்போதும் அதே எடை.

ஹைட்ரஜனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கிலோவுக்கு 33 யூனிட். ஆனால் இடத்தை அடைக்கும். திரவமாக்கினாலும் சாதாரண விமான எரிபொருளைவிட நாலு மடங்கு பெரிய தொட்டி வேண்டும், இறக்கைக்குள் அடங்காது. 1988இல் சோவியத்காரர்கள் டியூ-155 விமானத்தைப் பறக்கவிட்டபோது, பயணிகள் இருக்கவேண்டிய பின்பகுதியில்தான் தொட்டியை வைத்தார்கள்.

திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி குளிர் என்று நீ புத்தகத்தில் படித்திருப்பாய். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் கிரையோ ராக்கெட் எஞ்சின் சோதனைக்கு அதை நிரப்பியவன் நான். குழாய்க்கு இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடம் கெட்டால் வெளிக்காற்றே குழாய்மேல் திரவமாகிச் சொட்டும். கசிந்து பற்றிக்கொண்டால் பகலில் தீ கண்ணுக்கே தெரியாது. ராக்கெட்டுக்கு நாங்கள் மணிக்கணக்கில் பொறுமையாக நிரப்பினோம். உங்கள் விமானத்துக்கு ஒரு கூட்டம் இறங்கி அடுத்த கூட்டம் ஏறுவதற்குள், கொட்டும் மழையிலும், நாளுக்கு நாலைந்து தடவை நிரப்ப வேண்டும். 2035இல் ஹைட்ரஜன் விமானம் வரும் என்று சொல்லிவந்த ஏர்பஸ் கம்பெனி, 2025இல் அதைத் தள்ளிப்போட்டபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

அப்புறம், இன்றைய ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. அதை நிரப்பினால் வானத்துப் புகையைத் தொழிற்சாலைக்கு மாற்றியதாகத்தான் அர்த்தம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஹைட்ரஜன் பக்கம் போ என்பேன். பேட்டரி அருகிலுள்ள ஊர்களுக்கு உதவும்; அதற்கு மேல் எடை விடாது. ஹைட்ரஜனின் சிக்கல் தொட்டியிலும் குழாயிலும் இருக்கிறது, அது கைவேலையால் தீரக்கூடியது. எஞ்சின் பிரிவு வேண்டாம், நிரப்பும் பிரிவைக் கேள்.

எதில் சம்பளம் அதிகம் என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். நான் கேட்கச் சொல்வது வேறு: தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது? பதில் கிடைத்ததும் எழுது.

அப்பா