கேலி செய்தவன் என் மகன்: பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும், தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

மண்டபம் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். கேலிக்கு ஆளான பிள்ளைகளின் அப்பா அம்மா உங்களிடம் வந்து அழுதிருப்பார்கள். நான் கேலி செய்த பையனின் அப்பா. எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் உங்கள் முன்னால் வந்து பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மகன் ஏழாம் வகுப்பு. அவன் வகுப்பில் ஒரு பையனின் அம்மா கடற்கரையில் காரல் மீன் காயப்போடும் வேலைக்குப் போகிறவர். அந்தப் பையனுக்கு என் மகன் வைத்த பெயர் 'வாடை'. அவன் வகுப்புக்குள் வந்தால் ஒரு வரிசையே மூக்கைப் பிடித்துக்கொள்ளுமாம். நான்கு மாதமாக இது நடந்திருக்கிறது. பள்ளியிலிருந்து கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு அந்தப் பையனை வராந்தாவில் பார்த்தேன். சட்டைக் காலருக்குள் பவுடரைக் கொட்டிக்கொண்டு வந்திருந்தான். வேர்வையில் அது திட்டுத் திட்டாகக் கட்டிப்போயிருந்தது. நான் கிட்டப் போனதும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனாகவே நகர்ந்துகொண்டான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அந்த இரண்டடி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து மகனிடம், "யாருடா இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "நீங்கதானப்பா ஆட்டோல சொல்வீங்க" என்றான். பொய் இல்லை. மீன்கூடையோடு ஏறும் பெண்களிடம், "கூடையைப் பின்னாடி வை ஆத்தா, வாடை தாங்கல" என்று நான் சொல்லாத நாள் கிடையாது. லீவு நாளில் அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவான். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டியை பஸ்ஸை விட்டு இறக்கிவிட்ட செய்தி வந்தபோது, அந்த நடத்துநரை ஸ்டாண்டில் நின்று திட்டித் தீர்த்தவன் நான். என் ஆட்டோவில் நான் என்ன பேசுகிறேன் என்று அப்போது யோசிக்கவே இல்லை.

நன்னெறிச் செய்யுள்களை என் மகன் பிழையில்லாமல் ஒப்பிப்பான். அந்த நான்கு மாதமும் ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தான். வாரத்தில் ஒரு வகுப்பு நல்லொழுக்கம் நடத்தினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

பள்ளியில் ஒருவர், "பசங்க விளையாட்டு, விடுங்க" என்றார். இன்னொருவர் காலை இறைவணக்கத்தில் என் மகனை எல்லோர் முன்னாலும் முட்டி போட வைக்க வேண்டும் என்றார். வகுப்பாசிரியை இரண்டுக்குமே ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளையை உடலாலும் மனதாலும் வதைக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொல்கிறது என்றார். அவமானப்பட்ட பையன் அந்தக் கோபத்தைத் திரும்ப அந்தப் பிள்ளை மேல்தான் காட்டுவான் என்றும் சொன்னார்.

இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தி "கை கொடுங்கடா" என்று அவர் சொல்லவில்லை. தனித்தனியாகப் பேசினார். அப்புறம், மூக்கைப் பிடித்த வரிசையிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டார். "அவன் பஸ்ஸை விட்டு இறங்கினதும் கூட நடந்து வாங்க, சாப்பிடும்போது பக்கத்துல உட்காருங்க" என்றார். ஃபின்லாந்தில் துர்கு பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'கிவா' என்ற திட்டம் இப்படித்தான் செய்கிறதாம். கேலி செய்பவனுக்குச் சுற்றி நிற்பவர்களின் சிரிப்புதான் கூலி. அந்தச் சிரிப்பு நின்றால் அவன் கை ஓய்ந்துவிடும். என் மகன் விஷயத்தில் அதுதான் நடந்தது. பக்கத்து பெஞ்ச் பையன் சிரிக்காமல் இருந்த அன்றைக்கே இவனுக்கு உற்சாகம் போய்விட்டதாம், அவனே சொன்னான்.

நமக்குத் துர்கு வரை போக வேண்டியதில்லை. ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் கலாம் ஐயா ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, புதிதாக வந்த ஆசிரியர் அவரை அர்ச்சகர் மகனின் பக்கத்திலிருந்து எழுப்பிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தவர் கலாமின் அப்பா இல்லை, அந்த நண்பனின் அப்பா லட்சுமண சாஸ்திரி. அவர் பிள்ளையை யாரும் எழுப்பவில்லை. அப்படியிருந்தும் அவர்தான் பேசினார். கலாம் ஐயாவே எழுதியிருக்கிறார்.

அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் பேசுவது போல இதையும் பேசுங்கள். புகார் கொடுத்தவர் வீட்டை மட்டும் வரச் சொல்லாமல், எங்களைப் போன்ற வீட்டையும் கூப்பிடுங்கள். விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் கூட்டம் வைக்காதீர்கள், அப்பாக்கள் வர மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்கள் கரையில் இருக்கிறார்கள். பள்ளி நடக்கும் அந்த ஏப்ரல் நாட்களிலேயே ஒரு கூட்டத்தை வையுங்கள்.

பிள்ளைகள் குறையை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்தால், யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று எல்லோரும் பார்ப்பார்கள். அந்தப் பையன் நான்கு மாதமும் போடாததற்கு அதுதான் காரணம். பெட்டியை ஒதுக்குப்புறமாக வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417 இரண்டையும் பிள்ளைகள் கண்ணில் படும் சுவரில் எழுதுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

கூடைகள் இப்போது என் ஆட்டோவில் கால் பக்கமே வருகின்றன. அந்தப் பையனின் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி" என்றார், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே. அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். என் வீட்டில் நடந்ததை நானே சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநர்,
மண்டபம்