சிறு கடைகளைத் தேடிப் போன ஓராண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்து அக்காமார்களே, அண்ணாச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

தூத்துக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளையும் மிட்டாய்க் கடைகளையும் தேடிப் போய், காசு கொடுத்துச் சாப்பிட்டு, நல்லதை நாலு பேருக்குச் சொல்வதுதான் நம் சங்கத்தின் வேலை. 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை அந்த வேலை எப்படி நடந்தது என்பதை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டின் கதையை முந்தின டிசம்பரிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். நகரத்துக்குள்ளேயே பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. சிறு கடைக்காரருக்கு முதல் என்பதே உள்ளே அடுக்கியிருக்கும் நாலு மூட்டை மைதாவும் ரெண்டு டின் எண்ணெயும்தான். அது நனைந்தால் கடையே நனைந்த மாதிரி. அதனால் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் புதுக் கடை தேடுவதை நிறுத்திவிட்டு, நாம் போன கடைகளைக் குறித்து வைக்கும் பழைய நோட்டில் இருந்த கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், திறந்துவிட்டார்களா என்று பார்த்து வந்தோம். பெரும்பாலும் திறந்திருந்தார்கள். சில கடைகள் இன்றுவரை திறக்கவில்லை.

திறக்காதவற்றில் ஒன்று முந்திரிக்கொத்துக்காரர் கடை. பச்சைப்பயறை வாசம் வர வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகும் தேங்காயும் எள்ளும் சேர்த்து உருட்டி, அரிசி மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிக்கொள்ளும்படி எண்ணெயில் போடுவார். வயதும் ஆகிவிட்டது, வெள்ளமும் வந்துவிட்டது, போதும் என்று சொல்லிவிட்டார். நல்லவேளையாக நம் உறுப்பினர் ஒருவர் முன்பே பக்கத்தில் உட்கார்ந்து பாகுப் பதத்தைக் கேட்டு எழுதி வைத்திருந்தார். அந்தப் பக்கம் நம் நோட்டில் பத்திரமாக இருக்கிறது.

வெள்ளத்துக்குப் பிறகு பார்த்ததில் மனதை விட்டுப் போகாதது ஒரு பேக்கரியின் விறகு அடுப்பு. உள்ளே முழுக்கத் தண்ணீர் ஏறி இறங்கியிருந்தது. தினமும் ரெண்டு கட்டை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காயவைத்துக் கொண்டிருந்தார்கள். “அவசரப்பட்டு எரிச்சா செங்கல் விண்டுரும் அண்ணாச்சி” என்றார் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். நாங்கள் மூன்றாவது தடவை போன அன்றுதான் அங்கே மக்ரூன் கிடைத்தது.

அந்த மக்ரூன் எப்படிப் பிறக்கிறது என்று முழுதாகப் பார்க்க வேண்டும் என்பது உறுப்பினர்களின் நீண்ட நாள் ஆசை. ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் அனுமதி வாங்கி, ஐந்து பேர் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தோம். முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை மட்டும் பிரிக்கிறார்கள். ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தாலும் நுரை சரியாக எழும்பாது என்பதால், அந்த வேலையைப் பழகின கை மட்டும்தான் செய்கிறது. நுரை கட்டியாக நிற்கும் வரை சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடித்து, அப்புறம் முந்திரிப் பொடியைக் கையாலேயே புரட்டிச் சேர்க்கிறார்கள். தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியைக் கத்தரித்து, தட்டில் ஒரு சுற்றுச் சுற்றி மேலே ஒரு இழுப்பு. அந்த இழுப்பில்தான் உச்சிமுனை விழுகிறது. ரொட்டியும் பன்னும் வெந்து முடிந்து, தீயை எடுத்த பிறகு, அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் இரவெல்லாம் தட்டுகள் உள்ளேயே இருக்கின்றன. விடிகாலையில் எடுக்கும்போது ஒன்றை உடைத்துக் கையில் கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் கரைந்துபோய், முந்திரி வாசம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

முத்துக்குளித்துறை என்ற நம் கடற்கரைக்குப் போர்த்துக்கீசியர் வந்தது 16ஆம் நூற்றாண்டில். பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். ஐரோப்பாவில் இந்தப் பலகாரத்துக்கு பாதாம் போடுகிறார்கள், நம் ஊரில் அது முந்திரியாகிவிட்டது. முந்திரி விலை ஏறும்போது நிலக்கடலைப் பொடி கலக்கிறவர்களும் உண்டு, ஆனால் அதை வாசனையே காட்டிக் கொடுத்துவிடும். வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நம் கடற்கரைக் காற்றில் மக்ரூன் சீக்கிரம் நமுத்துவிடும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுங்கள்.

நைட் கிளப்புகளுக்குச் சித்திரையிலும் ஆவணியிலும் இரண்டு சுற்றுப் போனோம். வெளியூர் சொந்தக்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் முதலில் திகைத்துப் போகிறார்கள். நமக்கு அது சாயங்காலம் கல் சூடேறி நடுராத்திரி வரை தட்டுகிற பரோட்டாக் கடை. பெயர்பெற்ற கடைகளுக்கு நாம் எழுதித்தான் ஆள் வர வேண்டும் என்பதில்லை, அதனால் உள் தெருக்களில் நாலு பெஞ்சு மட்டும் போட்டிருக்கும் கடைகளாகப் பார்த்துப் போனோம். பொரிச்ச பரோட்டாவை நொறுக்கி, சால்னாவை மேலே ஊற்றினால், ஊறின பகுதியும் ஊறாத மொறுமொறுப்பும் ஒரே வாயில் வர வேண்டும். அது சரியாக வந்தது ஒரு கடையில்தான். அங்கே அண்ணாச்சி நம் இலையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு பரோட்டாவுக்கும் தனியாகச் சால்னா ஊற்றினார். முதலிலேயே மொத்தமாக ஊற்றி வைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் ருசி முழுக்க அதில்தான் இருந்தது.

மாவட்டத்துக்குள் மூன்று பயணம். 1799ல் உருவான முதலூரில் மஸ்கோத் அல்வா கிண்டுவதைப் பார்த்தோம். நெய்யே கிடையாது. தேங்காய்ப் பாலை ஊற்றி மணிக்கணக்கில் கிண்ட, தேங்காயின் எண்ணெயே பிரிந்து அல்வாவைப் பளபளக்க வைக்கிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் போனது குடும்பமாக உட்கார்ந்து பாகு காய்ச்சும் சிறு பட்டறைகளுக்கு. பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டி, தரையில் போட்டு, அது ‘டங்’ என்று சொல்ல வேண்டும் என்றார் அங்கிருந்த அம்மா. உடன்குடிக்குப் பதநீர் இறங்கும் நாளில் போக முடியவில்லை, சீசன் முடிந்த பிறகு போனோம். உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023ல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. ஆனாலும் சீனி கலந்த சரக்கு சந்தையில் குறையவில்லை. சீனி கலக்காமல் காய்ச்சுகிற குடும்பங்களைத் தேடி அடையாளம் காட்டுவதுதான் நாம் செய்யக்கூடிய உதவி.

இனி, இந்த ஆண்டில் நம்மால் நேர்ந்த ஒரு தவறு. இதை விரிவாகவே பதிவு செய்ய வேண்டும் என்று செயற்குழு முடிவெடுத்தது, என் விருப்பமும் அதுதான்.

உப்பளத்துக்குப் போகிற ஒரு வழியில், வீட்டுத் திண்ணையில் ஒரு ஆச்சி இட்லி போடுகிறார். வெயில் ஏறுமுன் உப்பு வார வேண்டும் என்பதால் உப்பளத்து ஆட்கள் இருட்டோடு கிளம்புவார்கள். அவர்களுக்காக நாலு மணிக்கெல்லாம் முதல் ஈடு எடுத்துவிடுவார். காய்ந்த மிளகாயும் உள்ளியும் புளியும் வைத்து அரைத்த துவையல், கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி, வேறொன்றும் கிடையாது. பெண்கள் தூக்குவாளியோடு வருவார்கள். ரெண்டை அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு, நாலை மதியத்துக்கு வாங்கிப் போவார்கள். காசு, கூலி கிடைக்கிற அன்றைக்கு.

மார்ச் மாதம் இந்தக் கடையைப் பற்றி மனம் நிறைந்து எழுதினோம். தெரு, நேரம், எல்லாவற்றையும் போட்டோம். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வர ஆரம்பித்தன. ஐந்து மணிக்குள் மாவு தீர்ந்துவிட்டது. ஏப்ரலில் நாங்கள் மறுபடி போனபோது, வெறும் தூக்குவாளியோடு திரும்பிய ஒரு அக்கா நின்று சொன்னார்: “நீங்க எழுதினதுல இருந்து ஞாயித்துக்கிழமை எங்களுக்கு இட்லி இல்ல சார்.” ஆச்சி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கூட மாவு ஆட்டலாமே என்று நம்மில் ஒருவர் கேட்டதற்கு, “இருக்குறது ஒரு கொப்பரைய்யா. என் முட்டுக்கும் இவ்வளவுதான் முடியும். தூரத்துல இருந்து வந்தவங்கள எப்படிப் போகச் சொல்ல?” என்றார்.

அன்றைக்கே அந்தக் குறிப்பை எடுத்துவிட்டோம். அப்படியும் கூட்டம் உடனே நிற்கவில்லை. நம் உறுப்பினர்கள் முறை போட்டு, ஞாயிறு விடியற்காலையில் தெருமுனையில் நின்று, வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லி ஆறரை மணிக்கு மேல் வரச் சொன்னார்கள். பெரும்பாலோர் புரிந்துகொண்டு திரும்பினார்கள். மழைக்காலம் தொடங்கி உப்பளம் ஓய்கிற நேரத்தில்தான் எல்லாம் பழையபடி ஆனது. அந்த விடியற்காலைகளில் தூக்கம் விட்டு நின்ற எட்டுப் பேருக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

இதன் பிறகு நடந்த செயற்குழுக் கூட்டத்தில் நீண்ட விவாதம் நடந்தது. கடை வளர்வது நல்லதுதானே, எழுதுவதை ஏன் குறைக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. நாம் எழுதிய ஒரு சுசியக் கடையில் இரண்டாவது சட்டி போட்டு, வெளியூர் வேலைக்குப் போயிருந்த மகன் திரும்பி வந்து அப்பாவோடு நிற்கிறார். எனக்குத் தோன்றுவது இதுதான்: எவ்வளவு வளர வேண்டும் என்பது கடைக்காரர் முடிவு, அதைக் கேட்காமல் எழுத நமக்கு உரிமை இல்லை. கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டு தீர்மானம் எழுதினோம். இனி எந்தக் கடையைப் பற்றி எழுதும் முன்பும், “இன்னும் எத்தனை பேர் வந்தால் உங்களால் போட முடியும்?” என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் நோட்டோடு நிற்க வேண்டும். அப்படி இந்த ஆண்டு நோட்டோடு நின்ற கடைகள் மூன்று. இந்த அறிக்கையில் அவற்றின் பெயர் இல்லை. தெரிந்த உறுப்பினர்களும் வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மற்ற விதிகளில் மாற்றமில்லை. ஒரு கடைக்கு மூன்று முறையாவது போக வேண்டும், அதில் ஒரு முறை கூட்டமான நாளில். பில்லை நாமே கொடுக்க வேண்டும், காப்பியானாலும் சரி. குறை இருந்தால் கடைக்காரரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் கறுத்திருந்த ஒரு வடைக் கடையில் அப்படிச் சொன்னபோது அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த மாதம் போனால் எண்ணெய் தெளிவாக இருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. கூட ஒரு ரசவடை வைத்தார், அதற்கும் காசு கொடுத்துவிட்டு வந்தோம்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நிலவரப்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்த கடைகளுக்குப் பதிவே போதுமானதாக இருந்தது, ஆண்டுக்குக் கட்டணம் 100 ரூபாய்தான். இது தெரியாமல், பெரிய செலவு என்று பயந்து ஒதுங்கியிருந்த கடைக்காரர்கள் பலர். கம்ப்யூட்டர் தெரிந்த நம் இளைய உறுப்பினர்கள் கடை வாசலிலேயே உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டும் இது தொடர வேண்டும்.

2025க்கான திட்டம்: பங்குனியில் உடன்குடிக்குப் பதநீர் இறக்குகிற நேரம் பார்த்து ஒரு நாள், அதிகாலையிலேயே. காயல்பட்டினத்தில் வீடுகளில் ஆர்டர் எடுத்துத் தம்மடை, வட்டிலாப்பம் என்ற இனிப்புகளைச் செய்து தருகிற அக்காமார்களைச் சந்திப்பது, அவர்கள் சம்மதித்தால் மட்டும். நைந்துபோன பழைய நோட்டைப் படியெடுத்து இரண்டு பிரதி செய்வது. இந்த மூன்றாவது வேலைக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம்.

ஆண்டு முழுக்க வழிகாட்டிய தலைவருக்கும், கணக்கில் ஒரு ரூபாய் பிசகாமல் பார்த்துக்கொண்ட பொருளாளருக்கும், வெயிலிலும் விடியற்காலையிலும் கூட வந்த உறுப்பினர்களுக்கும், அடுப்படி வரை நம்மை உள்ளே விட்ட கடைக்காரர்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த நடை தை மாதம் இரண்டாவது ஞாயிறு, மாலை ஆறு மணி, பழைய பேருந்து நிலைய வாசலில் கூடுகிறோம். பார்சல் வாங்க நினைக்கிறவர்கள் தூக்குவாளி கொண்டு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்