நாய்க்கடி ஊசிய "நாலு பேரு சேரட்டும்"னு தள்ளிப்போடாம இருக்க கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி மாவட்டம்

கலெக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்க கோத்தகிரி பக்கம் டீ எஸ்டேட் லைன்ல குடியிருக்கோம். போன மாசம் எங்க லைன்ல சுத்துற செவலை நாய் ரெண்டு நாளா சோறு வச்சும் திரும்பிப் பாக்காம மூலையில சுருண்டு கெடந்துச்சு, குளிருக்குத்தான்னு நாங்களும் விட்டுட்டோம். மூணாம் நாள் தாடை தொங்கி எச்சில் ஒழுக, குரைக்கிற சத்தமே மாறிப்போய், கல்லு கட்டைன்னு எதிர்ல பட்டதையெல்லாம் கடிச்சு, ஒரு கன்னுக்குட்டியையும் ரெண்டு பிள்ளைங்களையும் கடிச்சுட்டு மறுநாள் செத்துப்போச்சு. அப்பவே பொதைச்சுட்டோம், வெறிநோய்தானான்னு பாக்க தலைய லேபுக்கு அனுப்பலாம்னு அப்ப யாருக்கும் தோணல.

ஒரு பிள்ளைக்கு பாட்டி சுண்ணாம்பு அப்பிவிட்டுட்டாங்க. அவங்கள திட்டி என்ன ஆகப்போகுது, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும்னு இங்க யாரு வந்து சொன்னா? ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனா (பேர் சொல்லி யாரையும் மாட்டிவிட மனசில்ல), அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, "ஒரு குப்பிய உடைச்சா சில மணி நேரத்துல போட்டு முடிக்கணும், இன்னும் நாலு பேரு வரட்டும், நாளைக்கு வாங்க"ன்னுட்டாங்க. ஆழமான காயத்துக்குள்ள போடுற சீரம் ஊசி அங்க இல்லவே இல்ல, ஊட்டிக்கு போகச் சொன்னாங்க. இத்தனைக்கும் அந்தக் காலத்துல எங்கெங்கயோ இருந்து நாய் கடிச்சவங்க நாய்க்கடி ஊசிக்காகத் தேடி வந்த பாஸ்டர் இன்ஸ்டிடியூட், 1907ல ஆரம்பிச்சது, பக்கத்துல குன்னூர்லதான் இருக்கு.

ஐயா, கடிச்ச எடத்துல அரிப்பும் மதமதப்பும் வந்து, தண்ணி டம்ளர பாத்தாலே தொண்டை இழுத்து, ஃபேன் காத்து பட்டாலே உதற ஆரம்பிச்சுட்டா அதுக்கப்புறம் எந்த டாக்டராலயும் காப்பாத்த முடியாதுங்கறாங்க. அப்படியிருக்க ஒரு குப்பி வீணாப் போனா போகட்டும், ஒருத்தர் வந்தாலும் உடைச்சுப் போடணும்னு ஆர்டர் போடுங்க, சீரம் கோத்தகிரியிலயே இருக்கட்டும். அப்புறம் 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள்னு வரச்சொல்றாங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகுது, அதனாலயே பாதியில விட்டவங்க உண்டு. அந்த ஊசிகள நர்ஸம்மா ஐஸ் பெட்டியில எடுத்துட்டு வந்து லைன்லயே போட்டா யாரும் விடமாட்டாங்க.

நாய்ங்க விஷயத்துல நாங்க சும்மா இல்ல. குழாயடியில சோப்பு கட்டித் தொங்கவிட்டிருக்கோம், கறிக்கடை கழிவ ரோட்டுல கொட்டக்கூடாதுன்னு பேசி முடிச்சாச்சு, பசங்க வீடு வீடாப் போய் 41 நாய்ங்கள நோட்டுல எழுதியிருக்காங்க. நூத்துக்கு 70 நாய்க்காவது ஊசி போட்டாத்தான் வெறிநோய் பரவுறது நிக்குமாம், அதனால கால்நடை டாக்டர அனுப்பி மொத்தத்துக்கும் ஒரே நாள்ல போட்டுடுங்க. புடிச்சுட்டுப் போய் வேற எடத்துல விடுறது மட்டும் வேணாம், அந்த எடத்துக்கு ஊசி போடாத புது நாய் வந்துடும். முக்காவாசி நாய் எங்க கையில சோறு திங்கிறதுதான், நாங்களே புடிச்சுக் குடுப்போம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வந்தா எல்லாரும் வேலை முடிஞ்சு லைன்லதான் இருப்போம்.

நாய்க் கணக்கு நோட்டு ஜெராக்ஸ் இதோட இணைச்சிருக்கோம்.

இப்படிக்கு,
எஸ்டேட் லைன் குடியிருப்போர்