விதைக் கணக்குக்கு எந்த பிளாக்செயின்?

திருத்துறைப்பூண்டி
ஐப்பசி

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தபோது கொள்முதல் நிலையக் களத்தில் இருந்தேன். குறுவை நெல்லைக் கொட்டி மூன்று நாள் ஆகியும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கவில்லை. வெயில் அடிக்கும் நேரமெல்லாம் நெல்லைக் கிளறிவிட்டு, இடையிடையே உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நம் விதைக் குழுவின் கணக்கை பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, பழைய பதிவை யாரும் மாற்ற முடியாதபடி காக்கும் பேரேட்டில் ஏற்றலாம் என்கிறான் உன் மகன். வேகம், பரவலாக்கம், செலவு என்று மூன்று கட்டம் போட்டு, பிட்காயின், எத்தேரியம், சொலானா என்று ஒவ்வொரு பிளாக்செயின் வலைப்பின்னலுக்கும் மதிப்பெண் கொடுத்து, சொலானாதான் முதலிடம் என்று முடித்திருக்கிறான். பையன் உழைத்திருக்கிறான். படிக்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில், நமக்கு எது தேவை? இரண்டு கிலோ விதை வாங்குகிறவர் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். யார் எந்த ரகம் வாங்கினார், எவ்வளவு திருப்பினார் என்பதுதான் கணக்கு. போன வருடம் நோட்டில் ஒரு வரியை அடித்துத் திருத்தியிருந்ததால் இரண்டு பேருக்குள் மனத்தாங்கல் வந்ததே, அது மறுபடி வரக் கூடாது. பின்னால் யாரும் மாற்றவில்லை என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கு வேகம் எதற்கு? பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளைக் கட்டாகச் சேர்த்த ஒரு பக்கம். நொடிக்கு ஏழெட்டுப் பரிவர்த்தனை போனால் அதிகம். பெரிய தொகை என்றால் ஆறு பிளாக் வரை, அதாவது ஒரு மணி நேரம் காத்திருப்பது வழக்கம். எத்தேரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக், இனி மாறாது என்ற உறுதி கிடைக்க ஏறக்குறைய 13 நிமிடம். சொலானாவில் ஒரு பிளாக்குக்கு அரை நொடிகூட ஆகாது. மாப்பிள்ளைச் சம்பா விளையவே ஐந்து மாதம் ஆகிறது. அந்தக் கணக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் பதிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பரவலாக்கம் என்ற கட்டத்தைத்தான் அவன் ஒரே வரியில் தாண்டிவிட்டான். எனக்கு அதுதான் முக்கியம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தார்கள் என்று செய்தி வரும். தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு என்று பிரியும். ஆனால் நம் வாய்க்காலில் கால் நனையும்வரை நாம் விதைப்பு பற்றிப் பேசுவோமா? வலைப்பின்னலையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். கடைசியில் இருக்கும் ஆள், யாரையும் கேட்காமல், தன் வீட்டுக் கணினியில் முழுக் கணக்கையும் சரிபார்க்க முடிகிறதா?

போன வருடம் பழைய மடிக்கணினியில் பிட்காயின் நோடு ஒன்றை, அதாவது முழுக் கணக்கையும் தானே சரிபார்க்கும் மென்பொருளை, ஓட்டிப் பார்த்தேன். 2009 ஜனவரியின் முதல் பிளாக்கிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிக்கப் பல நாள் ஆனது. எல்லாவற்றையும் வைத்திருக்க 600 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். அடைமழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. வந்ததும், விட்ட இடத்திலிருந்து தானாகப் பிடித்துக்கொண்டது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. திரையில் அந்த எண்கள் ஓடுவதைப் பார்த்தபோது எனக்கு மனது நிறைந்துபோனது, மாப்பிள்ளை. அந்த மெதுவான பத்து நிமிடமும் சிறிய பிளாக்கும்தான் என்னைப் போன்றவனை உள்ளே வைத்திருக்கின்றன. பிளாக்கைப் பெரிதாக்கினால் வேகம் கூடும். ஆனால் மேல்மடைக்காரர்கள் வாய்க்காலை அகலமாக வெட்டிக்கொண்ட கதைதான், கடைமடை காய்ந்துவிடும்.

சொலானாவின் வேலிடேட்டர் ஒன்றை, அதாவது பிளாக்குகளைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் கணினியை, ஓட்ட 256 ஜிபிக்குக் குறையாத ரேமும் டேட்டா சென்டர் இணைப்பும் வேண்டும். நம் ஊரில் யார் வைப்பது? 2021 செப்டம்பரில் அந்த வலைப்பின்னல் சுமார் 17 மணி நேரம் நின்றுபோனது, 2024 பிப்ரவரியில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வேலிடேட்டர்கள் தங்களுக்குள் பேசிவைத்துத்தான் மறுபடி ஓட்டினார்கள். கட்டணம் மிகக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நொடிக்கு நொடி வாங்கி விற்கும் வேலைக்கு அது பொருந்தும்.

பிட்காயினிலும் குறை உண்டு. சுரங்க வேலையின், அதாவது கணினிகளைப் போட்டிபோட்டு ஓடவிட்டுப் புது பிளாக்கைச் சேர்க்கும் வேலையின், பெரும்பகுதி சில பெரிய குழுக்களிடம் இருக்கிறது. விதியை மீறிய பிளாக்கை அவர்கள் அனுப்பினால் என் மடிக்கணினியே தள்ளிவிடும். ஆனால் ஒரு பரிவர்த்தனையைச் சேர்க்காமல் தாமதப்படுத்த அவர்களால் முடியும்.

எத்தேரியம் நடுவழியில் போகிறது. 2022 செப்டம்பரில் சுரங்க வேலையையே கைவிட்டதால் மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2021 நெரிசலில் ஒரு பரிவர்த்தனைக்குப் பத்து இருபது டாலர் கேட்ட காலம் உனக்கு நினைவிருக்கும். இப்போது ஆர்பிட்ரம், பேஸ் போன்ற கிளை வலைப்பின்னல்களில் வேலையை முடித்து, பரிவர்த்தனை விவரங்களைச் சுருக்கித் தாய் வலைப்பின்னலில் பதிகிறார்கள். 2024 மார்ச்சில் வந்த மாற்றத்துக்குப் பிறகு அந்தக் கிளைகளில் கட்டணம் பைசாக் கணக்குக்கு வந்துவிட்டது. ஆனால் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் வேலை அங்கே பெரும்பாலும் ஒரே அமைப்பின் கையில் இருக்கிறது. மடைச் சாவி ஒருவரிடம் இருப்பது மாதிரி.

அதனால் நான் சொல்வது இதுதான். கணக்கு நோட்டிலேயே இருக்கட்டும், கூடவே ஒரு எக்செல் கோப்பும். போகம் முடிந்ததும் அந்தக் கோப்பின் ஹேஷை, அதாவது அதன் கைரேகையை மட்டும் பிட்காயினில் பதிவோம். ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்று ஒரு வழி இருக்கிறது. பல பேருடைய ஹேஷ்களைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையில் போடுவதால் நமக்குச் செலவு கிடையாது. சில மணி நேரத்தில் பதிந்துவிடும். பிறகு கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கைரேகை பொருந்தாது. நான்கு கிலோ என்று பொய்யாக எழுதியிருந்தால் அதை எந்த பிளாக்செயினும் கண்டுபிடிக்காது. எடை போடும்போது இரண்டு பேர் பக்கத்தில் நிற்க வேண்டும், அதற்கு வேறு வழியில்லை.

இதை உன் மகனிடம் அப்படியே படித்துக் காட்டு. அவனுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் எனக்கு நேரே எழுதட்டும். ஹேஷ் எடுத்துப் பதியும் வேலையை அவன்தான் செய்து தர வேண்டும். கோப்பின் ஒரு நகல் சிங்கப்பூரில் உங்களிடமும் இருக்கட்டும்.

தையில் வருகிறீர்கள் அல்லவா? வரும்போது 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வா, பணம் தந்துவிடுகிறேன். என்னுடையது நிரம்பப் போகிறது.

அன்புடன்,
உன் நண்பன்