கால்கள் சும்மா இருந்தால் அது விமானம் ஓட்டுவது ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில், வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழக ஆசைப்படுகிறவர்களுக்காக அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். சிமுலேட்டரை நிறுவியதும் முதலில் ஒரு பெரிய பயணிகள் ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்டோபைலட்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், புதியவர்களுக்கு அதுதான் சுலபம் என்று அதில் இருந்தது. சுலபம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் பழகுவதற்கு என்ன இருக்கிறது? வேடிக்கை என்னவென்றால், கட்டுரைக்குப் பக்கத்தில் நீங்கள் போட்டிருந்த படம் ஜெட் விமானம் இல்லை, மஞ்சள் நிற பைப்பர் ஜே-3 கப் என்ற பழைய சின்ன விமானம். பழக வேண்டியது இந்த மாதிரி விமானத்தில்தான், எழுதியவர் சொல்லாமல் விட்டதைப் படம் தேடி எடுத்தவர் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். (படத்துக்குக் கீழே இருந்த வரியில் ஒரு பிழை இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.)

நானும் உங்கள் கட்டுரை சொன்ன வழியில்தான் ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற கையோடு ஒரு வருடம் முழுக்க ஜெட்தான். போக வேண்டிய பாதை, உயரம், வேகம் எல்லாவற்றையும் எண்களாக அடித்துக் கொடுத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்திக் கைகட்டி உட்கார்ந்தால் விமானம் தானே போய்த் தானே இறங்கும். எனக்கும் விமானம் ஓட்டத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒரு நாள், சும்மா ஒரு மாறுதலுக்காக, பட்டியலின் அடியில் கிடந்த இந்த மஞ்சள் விமானத்தைத் திறந்தேன். எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் பிடியை, அதாவது த்ராட்டிலை, முழுக்கத் தள்ளினேன். பத்து நொடி ஆகியிருக்காது, விமானம் இடது பக்கமாக வளைந்து ஓடுபாதையை விட்டு இறங்கி, புல்லில் ஒரு வட்டம் அடித்து, ஒரு இறக்கை தரையில் இடித்துக்கொண்டு நின்றது. ஜாய்ஸ்டிக்தான் கெட்டுவிட்டது என்று கழற்றி மாட்டினேன். மறுபடியும் அதே புல். அன்று மாலை முழுக்க, ஆறேழு முறையாவது இருக்கும், சக்கரம் தரையை விட்டு எழும்பவே இல்லை.

கெட்டது ஜாய்ஸ்டிக் இல்லை, என் கால்கள் சும்மா இருந்ததுதான் காரணம் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. கப் விமானத்தின் புரொப்பெல்லர், விமானி உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றுகிற திசையில் சுற்றுகிறது. அது பின்னால் தள்ளுகிற காற்று உடலைச் சுற்றிக்கொண்டு வந்து வாலின் இடப்பக்கத்தில் அடிக்கிறது. வால் தரையில் இருக்கும்போது விமானம் அண்ணாந்து நிற்பதால், புரொப்பெல்லரில் கீழே இறங்குகிற வலப்பக்கத்துத் தகடு அதிகமாக இழுக்கிறது. போதாக்குறைக்கு வாலைத் தூக்கும் அந்த நொடியில், சுற்றிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லர் பம்பரத்தின் குணத்தைக் காட்டி மூக்கை இன்னும் இடது பக்கம் தள்ளுகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம். இதற்கெல்லாம் ஒரே பதில் வலது காலால் ரட்டர் பெடலை (வாலில் நிற்கும் சுக்கானைத் திருப்பும் மிதியை) மிதிப்பதுதான், அதுவும் ஒரே அழுத்தாக இல்லை, ஒவ்வொரு நொடியும் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து.

தரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. இக்காலப் பயிற்சி விமானங்கள் பெரும்பாலானவற்றில் மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம் இருக்கும். பழைய விமானங்களில் அந்தச் சின்னச் சக்கரம் வாலில் இருக்கிறது, அதனால் எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. நேராக ஓடும் வரை ஒன்றும் தெரியாது, லேசாகத் திரும்பிவிட்டால் பின்னால் இருக்கும் எடை முன்னால் வரப் பார்க்கும். விரல் நுனியில் ஒரு கழியை நிறுத்திப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்: சாய்ந்த பிறகு ஓடிப் பிடிக்க முடியாது, சாயப் போகிறது என்று தெரிந்தவுடனே விரல் நகர்ந்திருக்க வேண்டும். ஜெட்டில் ஒரு வருடம் இருந்தும் இதில் ஒரு துளிகூட நான் கற்றுக்கொள்ளவில்லை, ஏனென்றால் சிமுலேட்டரில் 'ஆட்டோ ரட்டர்' என்று ஒரு வசதி இருக்கிறது, கால் செய்ய வேண்டியதை அதுவே செய்துகொண்டிருந்தது. கப்புக்கு மாறிய அன்று அதை எப்படியோ அணைத்திருக்கிறேன். நல்லதாகப் போயிற்று.

கப் என்றதும் கோப்பை என்று நினைத்துவிடாதீர்கள், கரடிக்குட்டி சிங்கக்குட்டி என்கிறோமே, அந்தக் குட்டி. 1930களின் பிற்பகுதியிலிருந்து 1947 வரை கிட்டத்தட்ட 20,000 விமானங்கள் செய்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் 65 குதிரைத்திறன் எஞ்சின். துணி போர்த்திய உடல், வெறும் எடை 350 கிலோவைத் தொடாது. ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம், தனியாகப் போனால் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும், முன்னால் உட்கார்ந்தால் எடை சரியாக வராது. பேட்டரி கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது, ஒருவர் வெளியே நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட வேண்டும். வேகம் காட்டும் கருவி, உயரம் காட்டும் கருவி, எஞ்சின் சுற்று, எண்ணெய் அழுத்தம், எண்ணெய் வெப்பம், ஒரு திசைகாட்டி. அவ்வளவுதான். செயற்கை அடிவானம் காட்டும் கருவிகூட இல்லை, நிஜ அடிவானத்தைத்தான் பார்த்தாக வேண்டும். புதிதாக வருகிறவர் கவனிக்க வேண்டிய முட்கள் ஆறே ஆறு, ஜெட்டின் முகப்பில் எத்தனை திரைகள், எத்தனை விசைகள் என்று எண்ணிப் பாருங்கள். இதில் எது சுலபம்?

மேலே போனதும் திரும்பிப் பழக வேண்டும். ஸ்டிக்கை இடது பக்கம் சாய்த்தால் விமானம் இடது பக்கம் சாயும், ஆனால் மூக்கு முதலில் வலது பக்கம் போகும்! முதல் தடவை பார்த்தபோது மென்பொருளில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன் (என் தப்புக்கெல்லாம் மென்பொருளைத் திட்டுவது அப்போது வழக்கமாகிவிட்டிருந்தது). வலது இறக்கையின் எய்லரான் (பின்விளிம்பில் அசையும் தகடு) கீழே இறங்கி அந்த இறக்கையை மேலே தூக்கும்போது, கூடவே அந்தப் பக்கத்தில் காற்றின் இழுவையும் கூடிவிடுகிறது, அதுதான் மூக்கைப் பின்னுக்கு இழுக்கிறது. கையும் காலும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போனால்தான் மூக்கு அடிவானத்தின் மேல் வழுக்கிக்கொண்டு அழகாகத் திரும்பும். இப்போதைய விமானங்களில் இந்தக் குணத்தைப் பெரும்பாலும் அடக்கி வைத்திருக்கிறார்கள், ஜெட்டில் கணினியே சரி செய்துவிடும். பழைய விமானம் ஒன்றையும் மறைப்பதில்லை.

எல்லாவற்றிலும் கடினம் இறங்குவதுதான், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இறங்கும்போது இறக்கையின் பின்பக்கத்தில் கீழே இறக்கிக்கொள்ளும் தகடுகள், ஃபிளாப் என்பார்களே, அது கப்பில் கிடையாது. உயரம் அதிகமாகிவிட்டால் ரட்டரை ஒரு பக்கமும் எய்லரானை எதிர்ப் பக்கமும் கொடுத்து, விமானத்தை ஒருக்களித்துக் காற்றில் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டும், ஸ்லிப் என்பார்கள். அதாவது இரண்டு மாதம் பாடுபட்டுக் கையையும் காலையும் ஒரே பக்கம் போகப் பழக்கிய பிறகு, இப்போது எதிரெதிரே போகச் சொல்கிறது. சரி, அதுவும் வந்துவிட்டது. ஆனால் தரைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில், வேகத்தை விட்டுக்கொண்டே மூக்கைத் தூக்கிக்கொண்டே, முன் சக்கரங்களும் வால் சக்கரமும் ஒரே சமயத்தில் தரையைத் தொடும்படி வைப்பது எனக்குப் பிடிபடவே இல்லை. மணிக்கு 38 மைல், அதாவது 61 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்கிப் பிடிக்காது. அந்த நொடியில் சக்கரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும். சீக்கிரம் தொட்டால் பந்து மாதிரி குதிக்கும். தாமதமானால் மேலேயிருந்து தொப்பென்று விழும். நான் இரண்டையும் மாறி மாறிச் செய்தேன்.

43 முயற்சிகளுக்குப் பிறகுதான் காரணம் என் கையில் இல்லை, திரையில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். மூக்கைத் தூக்கியதும் முன்னால் ஓடுபாதை தெரியாது. நிஜத்தில் விமானி அப்போது இரண்டு ஓரங்களிலும் ஓடுபாதையின் விளிம்பு எப்படி விரிகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்து உயரத்தைக் கணிக்கிறார். என் சின்னத் திரையில் ஓரக்கண் என்று ஒன்றே கிடையாது, குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரிதான். பார்வைக் கோணத்தைக் கூட்டி வைத்து, இருக்கையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன். அன்றே மூன்று முறை ஒழுங்காக இறங்கினேன், மூன்றாவது முறை சக்கரம் தொட்டது காதில் உரசலாகக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர் கண்ணாடி இருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும், ஆனால் எனக்கு அது பத்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது.

பெடல் பற்றி ஒரு வார்த்தை. தனியாக ரட்டர் பெடல் வாங்க முடிந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் முறுக்கித் திருப்பக்கூடிய ஜாய்ஸ்டிக் போதும். விசைப்பலகையை வைத்துக்கொண்டு மட்டும் இதில் இறங்காதீர்கள், வெறுத்துவிடும். காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டர் இலவசம், அதிலேயே ஜே-3 கப் கிடைக்கிறது.

எஞ்சின் நின்றுபோன கதையையும் சொல்லிவிடுகிறேன். ஈரப்பதமான, அப்படியொன்றும் குளிரில்லாத வானிலையை அமைத்துக்கொண்டு, த்ராட்டிலைக் குறைத்து நீண்ட நேரம் இறங்கிக்கொண்டிருந்தேன். எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது அங்கே வெப்பம் சட்டென்று கீழே போய், காற்றில் உள்ள ஈரம் பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைத்துவிடும், வெளியே 20 டிகிரி இருந்தாலும்கூட. அதற்காகவே புகைபோக்கியைச் சுற்றியுள்ள சூடான காற்றை உள்ளே விடும் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. த்ராட்டிலைக் குறைக்கும் முன் அதை இழுத்துவிட வேண்டும். இதை எங்கோ படித்திருக்கிறேன், மறந்திருக்கிறேன். அன்று மரங்களுக்கு நடுவே இறங்கிய பிறகு இன்றுவரை மறக்கவில்லை.

கப்பில் கொஞ்சம் கர்வம் வந்ததும் டைகர் மாத்துக்குப் போனேன். 1931இல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டிஷ் இரட்டைத் தட்டு விமானம், 8,000க்கும் மேல் செய்யப்பட்டது, பிரேக்கே கிடையாது. வழக்கம்போல் த்ராட்டிலைத் தள்ளி வலது காலை மிதித்தேன், நேராக வலது பக்கத்துப் புல்லுக்குள் போய்விட்டது. அதன் ஜிப்சி மேஜர் எஞ்சின் எதிர்த் திசையில் சுற்றுகிறது, இடது காலைத்தான் மிதிக்க வேண்டும். மனப்பாடம் செய்த காலுக்கும் பார்த்து மிதிக்கிற காலுக்கும் உள்ள வித்தியாசம் அன்று தெரிந்தது.

கட்டுரையின் முடிவில் "என்ன இருந்தாலும் இது விளையாட்டுதான்" என்று ஒரு வரி. சிமுலேட்டரின் பிறப்பே அப்படித்தான் என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், அப்பாவின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளை வைத்து 1929இல் செய்த பயிற்சிப் பெட்டி முதலில் கேளிக்கைப் பூங்காக்களுக்குத்தான் விற்றது. 1934இல் அமெரிக்க ராணுவம் விமானத் தபாலை எடுத்து நடத்தப் போய், மோசமான வானிலையில் விமானிகள் இறந்த பிறகுதான் ஆறு பெட்டிகள் வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது.

அதற்காக வீட்டில் பழகிவிட்டு நேரே போய் விமானத்தில் ஏறலாம் என்று சொல்ல வரவில்லை. உரிமத்துக்குத் தேவையான பறப்பு மணிக் கணக்கில் வீட்டுக் கணினியில் ஓட்டியது சேராது. ஒரே ஒரு முறை, பயிற்சியாளர் ஒருவரோடு நிஜமான வால்சக்கர விமானத்தில் போனேன். கால்கள் தாமாகவே வேலை செய்தன, அவரே கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். ஆனால் என் கண் வேகம் காட்டும் முள்ளை விட்டு நகரவில்லை, கணினியில் பழகியவர்கள் எல்லோருக்கும் இதே வியாதிதான் என்று சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை அதன் மேல் ஒட்டிவிட்டார். அதற்கப்புறம்தான் காற்றின் இரைச்சல் குறைவதும், ஸ்டிக் கையில் தளர்ந்துபோவதும், இருக்கையில் உடம்பு ஒரு பக்கமாக நகர்வதும் தெரிய ஆரம்பித்தது. இவற்றில் ஒன்றையும் என் மேசையும் நாற்காலியும் எனக்குச் சொன்னதில்லை. பயம் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும்தான்.

கடைசியாக, படத்துக்குக் கீழே இருந்த அந்த வரி. விமானத்தின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை "ரேடியோ ஆன்டெனா" என்று போட்டிருக்கிறீர்கள். அது பெட்ரோல் அளவுகாட்டி. மூக்கில் 45 லிட்டர் பிடிக்கிற ஒரு டாங்கி, அதன் மூடியில் ஒரு துளை, அதன் வழியே ஒரு கம்பி, கம்பியின் அடியில் மிதக்கிற ஒரு தக்கை. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி உள்ளே இறங்கும். திருத்தம் போடும்போது படத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள், கம்பி கிட்டத்தட்ட முழுக்க உள்ளே போய்விட்டது, அந்த விமானியோ இன்னும் மேகத்துக்குப் பக்கத்தில் ஜாலியாகப் பறந்துகொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்