தொட்டிப் பாசி

வடவள்ளி, கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மீன்தொட்டி முழுக்கப் பச்சையேறிவிட்டதாகவும், ஆடி நோம்பிக்குச் சம்பந்தி வீட்டார் கோபிசெட்டிபாளையத்துக்கு வருவதற்குள் மருந்தை ஊற்றிப் பளிச்சென்று ஆக்கிவிடப் போவதாகவும் எழுதியிருந்தாய். கை வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

சென்ற சித்திரையில் நானும் அதைத்தான் செய்தேன். பாசிக்கொல்லியை ஊற்றிய இரண்டாம் நாளே பச்சை போய், தண்ணீர் அரிசி கழுவியது போலக் கலங்கியது. மூன்றாம் நாள் விடியற்காலையில் கோல்டு ஃபிஷ் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செத்த பாசி தொட்டிக்குள்ளேயே அழுகியதால், அழுகலைத் தின்னும் பாக்டீரியா ஆக்சிஜனையெல்லாம் இழுத்துக்கொண்டது. பாசி தன் உடம்பில் சேர்த்து வைத்திருந்த நைட்ரஜன் அம்மோனியாவாகத் திரும்பி நீரிலேயே இறங்கிவிட்டது. கோடை நீரில் ஆக்சிஜன் முதலிலேயே குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையுமென்றால், 30 டிகிரியில் ஏறக்குறைய ஏழரைதான். போதாததற்கு நான் நிரப்பியிருந்தது சிறுவாணித் தண்ணீர் அல்ல, போர்வெல்லிலிருந்து வரும், காரம் கூடிய உப்புத் தண்ணீர். நீரின் காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 7-இலிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும் என்பதை மீன் ஒன்றைப் பறிகொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். பதற்றத்தில் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து கழுவியது அடுத்த முட்டாள்தனம். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா குடியிருப்பது அதில்தான். குழாய் நீரின் குளோரின் அதற்கு ஆகாது.

பாசி மீனின் கழிவையும் மிஞ்சிய தீவனத்தின் சத்தையும் தின்றுதான் வளர்கிறது. ஆகவே அதை உயிரோடு சுரண்டி வெளியே எடுத்தால், அதனோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியை விட்டுப் போகும். உள்ளேயே கொன்றால் எதுவும் போகாது. உன்னுடையது கண்ணாடித் தொட்டிதானே? காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்று போதும், கண்ணாடியில் கீறல் விழாமல் தோல் போல உரிந்து வரும். உதிர்ந்ததை அடியில் தங்கவிடாமல் உடனே டியூபைப் போட்டு உறிஞ்சி எடு. அதிலேயே மூன்றில் ஒரு பங்கு நீரும் வெளியேறிவிடும். அந்த நீரிலேயே ஸ்பாஞ்சை அலசிக்கொள். புதிதாக ஊற்றுவது நகராட்சித் தண்ணீராக இருந்தால், குளோரின் முறிக்கும் சொட்டு மருந்தைக் கலந்து ஊற்று. அன்றிரவு ஏர் பம்பை நிறுத்தாதே. விளக்கை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடுவதாலும், பேரன் கைநிறையத் தீவனம் போடுவதாலும்தான் மறுபடி மறுபடி பச்சை பூக்கிறது என்பது என் எண்ணம். பேரனிடம் சொல்லும் துணிச்சல் உனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

பின்பக்கக் கண்ணாடியை மட்டும் தொடாமல் விட்டுவிடு. சம்பந்தி வீட்டார் அதைப் பார்க்கப் போவதில்லை, மீன்கள் கொறித்துக்கொள்ளும். வெளியே எடுத்த பச்சைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் கறிவேப்பிலைக்கு ஊற்று. மருந்து கலக்காத நீர் என்பதால் செடிக்கு நல்ல உரம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்