வாசிப்பு விவாத மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்பது அவர்களுக்கே தெரியும்.

ஆண்டின் பெரும்பொழுதை எடுத்துக்கொண்டது ‘அரசமைப்பில் சமயமும் அரசும்’ என்ற விவாதத் தொடர்தான். முதல் கூட்டத்தை விவாதம் என்று சொல்ல மனம் வரவில்லை. இரு தரப்பும் மேடைப்பேச்சு பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போயின. ஆகவே செயற்குழு தலைப்பைக் குறுக்கியது: அரசுக் கருவூலப் பணம் சமயத்துக்குப் போகலாமா? எந்தச் சட்ட உறுப்பைச் சொன்னாலும் அதன் வாசகத்தைப் படித்துவிட்டே பேச வேண்டும் என்றும் விதித்தது.

அடுத்த கூட்டத்திலேயே பலன் தெரிந்தது. ‘கூடாது’ தரப்பினர் இந்திய அரசமைப்பின் 27ஆம் உறுப்பைப் படித்தார்கள். ஒரு குறிப்பிட்ட சமயத்தை வளர்க்கவோ பேணவோ ஆகும் செலவுக்கென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி எவரையும் வற்புறுத்த முடியாது என்பது அதன் சாரம். எதிர்த்தரப்பு அன்பர் அதே புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். விரலில் எச்சில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளி, 290-அ உறுப்பில் வந்து நின்றார். கேரளத்தின் தொகுநிதியிலிருந்து, அதாவது மாநில அரசின் பொதுக் கருவூலத்திலிருந்து, ஆண்டுதோறும் 46,50,000 ரூபாய் கோயில்களைப் பேணும் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு. தமிழ்நாட்டின் தொகுநிதியிலிருந்து 13,50,000 ரூபாய், 1956இல் அங்கிருந்து வந்து சேர்ந்த பகுதிகளின் கோயில்களுக்கு. அரங்கில் பலர் அந்த உறுப்பைக் கேள்விப்பட்டதே இல்லை. ‘கூடாது’ தரப்பு சளைக்கவில்லை. சமஸ்தான காலத்தில் அரசு எடுத்துக்கொண்ட கோயில் சொத்துகளுக்கு அது ஈடு. ஈட்டை மானியக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றார்கள். ஹஜ் பயணிகளுக்கு அரசு தந்துவந்த மானியமும் பேச்சில் வந்தது. 2011இல் அது 27ஆம் உறுப்பை மீறவில்லை என்ற உச்ச நீதிமன்றம், 2012இல் பத்தாண்டுக்குள் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. 2018இல் அரசு நிறுத்திவிட்டது.

பிரான்ஸைப் பற்றிய அமர்வு எனக்கு மிகவும் பிடித்தது. எந்த வழிபாட்டுக்கும் சம்பளமோ மானியமோ தருவதில்லை என்பது அந்நாட்டின் 1905ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அப்போது ஜெர்மனியின் கையில் இருந்து, பின்னர் பிரான்ஸுக்குத் திரும்பிய அல்சாஸ்-மோசெல் பகுதியில் பாதிரியார்களுக்கு இன்றும் அரசே சம்பளம் தருகிறது. அமெரிக்காவிலும் 1947இல், சமயத்துக்கும் அரசுக்கும் இடையே சுவர் இருக்க வேண்டும் என்று சொன்ன அதே தீர்ப்பில், கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தைப் பெற்றோருக்குத் திருப்பித் தருவது செல்லும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவானது.

கொள்கையை எழுத உட்காரும்போது எல்லா நாட்டிலும் தீராத பழைய கணக்கு ஒன்று மேசையில் கிடந்திருக்கிறது. அதற்கு இடம் விட்டே எழுதியிருக்கிறார்கள் என்பது என் துணிபு. தலைவருக்கு இதில் உடன்பாடில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வாக்கெடுப்பில் ‘கூடாது’ தரப்பு வென்றது. வென்றவர்களில் சிலரே பின்னர் என்னிடம் வந்து, ஈட்டுத்தொகைக்கு விலக்குக் கேட்டுத் திருத்தம் கொடுத்திருக்கிறார்கள். அது அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும். அதற்குப் பின், அரசுச் செலவில் முழுமையாக நடக்கும் கல்விக்கூடங்களில் சமய போதனையைத் தடுக்கும் 28ஆம் உறுப்பை விவாதிக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பேச விரும்புவோர் பெயர் கொடுக்கலாம். மன்றத்தின் அரசமைப்புப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனவர் அதைத் திருப்பித் தரவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்